மலையகக் குழந்தையின் உயரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

இலங்கையில் 2016ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயரமும் எடுக்கப்பட்டது. நாடு முழுவதும் நூற்றுக்கு 17 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தை எட்டவில்லை. பெருந்தோட்டத் துறையில் அது 32 ஆக இருந்தது. மாவட்ட வரிசையில் கடைசியில் நின்றது நுவரெலியா. அங்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை குட்டை. இந்தக் கணக்கு பேச்சுக்கு வரும்போதெல்லாம் ஒரு சமாதானமும் கூடவே வரும். தோட்டத்து மக்கள் பரம்பரையாகவே சிறிய உடம்புக்காரர்கள், பெற்றோர் குட்டை என்பதால் பிள்ளையும் குட்டை, இதில் யாரைக் குறை சொல்வது என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தச் சமாதானத்தை, ஓர் உடலும் அதன் உறுப்புகளும் எவ்வளவு பெரிதாக வளர்வது என்பது எப்படி முடிவாகிறது என்று கடந்த நூறு ஆண்டுகளில் உயிரியல் கண்டறிந்தவற்றோடு வைத்துப் பார்த்தால் அது நிற்காது. பரம்பரை வகுத்துத் தருவது ஒரு வரம்பை. அந்த வரம்புக்குள் எங்கே போய் நிற்பது என்பதை, தங்களுக்குக் கிடைக்கும் செய்திகளை வாசித்து உடலின் கலங்களே முடிவு செய்கின்றன. மலையகக் குழந்தையின் கலங்களுக்குப் போய்ச் சேரும் செய்திகளைத் தோட்ட நிர்வாகமும் அரசும் சமூகமும் சேர்ந்துதான் எழுதுகின்றன. ஆகவே அந்தக் குழந்தையின் உயரத்துக்குப் பொறுப்பும் இந்த மூவருக்கும் உண்டு.

தோட்டத்தில் வாழ்பவருக்கு இதை விளங்கவைக்கத் தேயிலைச் செடியே போதும். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். விதைக்கென்று விடப்பட்ட மரங்கள், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கூரையைத் தாண்டி நிற்கும். கொழுந்து பறிப்பவரின் இடுப்பளவில் அது நிற்கக் காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழும் கவ்வாத்துக் கத்தியும் வாரம் தவறாமல் கொழுந்து கிள்ளும் விரல்களும்தான். நுனிக் குருத்தில் உண்டாகும் ஒக்சின் என்ற ஓமோன் தண்டு வழியே கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தச் செய்தி நின்றுவிடும். உறங்கிய மொட்டுகள் விழித்துச் செடி பக்கவாட்டில் படரும். 1930களில் கென்னத் திமானும் ஃபோல்க் ஸ்கூக்கும் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் உறங்கியே கிடந்தன. எந்த உயரத்தில் கவ்வாத்துப் பண்ணுவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பண்ணுவது என்று தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவரும் ஆலோசனைக்கு அடியில் இருப்பதும் இந்த அறிவுதான். விதை அதே விதை, மண் அதே மண். கலங்களுக்குப் போகும் செய்தி மாறும்போது உருவம் மாறிவிடுகிறது.

விலங்குகளின் உடலில் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. 1931இல் விக்டர் ட்விட்டியும் ஜோசப் ஷ்விண்டும் பெரிய இனத்துச் சலமந்தர் ஒன்றின் கால் முளையை எடுத்துச் சிறிய இனத்துச் சலமந்தரின் உடலில் ஒட்டினார்கள். சிறிய உடலில் முளைத்த அந்தக் கால், தான் பிறந்த இனத்தின் அளவுக்கே நீண்டது. தன் அளவைப் பற்றிய அறிவு ஓர் உறுப்புக்குள்ளேயே ஓரளவு இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1960களில் ஆஸ்திரேலியாவில் டொனால்ட் மெட்காஃப் எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பிகள் பலவற்றை ஒரே எலிக்குள் வைத்தபோது ஒவ்வொன்றும் தன் முழு அளவுக்கு வளர்ந்தது. மண்ணீரல்கள் பலவற்றை வைத்தபோதோ எல்லாம் சேர்ந்து ஒரு மண்ணீரல் அளவோடு நின்றுகொண்டன. மண்ணீரல் உடல் முழுவதையும் கேட்டுத் தன் அளவை வைத்துக்கொள்கிறது. ஈரலும் அப்படியே, எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் சில நாட்களில் பழைய எடைக்கு வந்து, சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடுகிறது. வளரச் சொல்லவும் நிற்கச் சொல்லவும் வழிகள் இல்லாமல் இப்படி நடக்க முடியாது.

அந்த வழிகளில் இரண்டு இப்போது நன்றாக அறியப்பட்டவை. ஒன்றுக்கு ஹிப்போ என்று பெயர். முதலில் பழ ஈக்களில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புரதத் தொடர், பக்கத்துக் கலங்களின் நெருக்கத்தையும் இழுவையையும் உணர்ந்து, இடம் நிறைந்துவிட்டது, பிரிவதை நிறுத்து என்று கலத்துக்குச் சொல்கிறது. 2007இல் எலியின் ஈரலில் இந்தத் தடையை மீறும் புரதத்தை மிகுதியாக்கியபோது ஈரல் பல மடங்கு பெருத்தது; அதை நிறுத்தியதும் மீண்டும் சுருங்கியது. இரண்டாவது வழி டோர் எனப்படும் புரதம். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ரபமைசின் என்ற மருந்து எதைத் தடுக்கிறது என்று தேடிப்போனபோது, 1991இல் ஈஸ்டில் இதன் மரபணுக்கள் அகப்பட்டன. டோர் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் உட்கார்ந்து, அமினோ அமிலம் போதிய அளவு வந்திருக்கிறதா, இன்சுலினும் அதன் உறவான ஐ.ஜி.எஃப்.-1 என்ற ஓமோனும் வந்து கதவைத் தட்டினவா என்று ஒரே நேரத்தில் பார்க்கிறது. எல்லாம் கூடி வந்தால்தான் புரதம் கட்டும் வேலையைத் தொடங்கவிடும். ஒன்று குறைந்தாலும் வேலை மெதுவாகும். கையிருப்பு இல்லாமல் கட்டடத்தைத் தொடங்கி நடுவில் விடுவதைவிடச் சிறிதாகக் கட்டுவது மேல் என்ற கணக்கு இது.

குழந்தையின் உயரம் கூடுவது நீண்ட எலும்புகளின் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டில். அங்குள்ள குருத்தெலும்புக் கலங்கள் வரிசையாகப் பிரிந்து, பெருத்து, பின்பு எலும்பாகின்றன. இங்கேயும் டோர்தான் கணக்குப் பார்க்கிறது. அதை அடக்கும் மருந்தை இளம் எலிகளுக்குக் கொடுத்தபோது எலும்பின் நீட்சி குறைந்தது. சத்துக் குறைந்த குழந்தையின் இரத்தத்தைச் சோதித்தால் ஆச்சரியமான ஒன்று தெரியும். வளர்ச்சி ஓமோன் அங்கே குறைவாக இருப்பதில்லை, பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். குறைவது, அந்த ஓமோனின் ஆணையை ஏற்று ஈரல் சுரக்க வேண்டிய ஐ.ஜி.எஃப்.-1. மூளை வளர் என்கிறது. கையிருப்பைப் பார்த்த ஈரல் அந்த ஆணையை மேலே அனுப்பாமல் வைத்துக்கொள்கிறது. மலாவியில் முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், குட்டையான குழந்தைகளின் இரத்தத்தில் உடல் தானாக உண்டாக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தன. அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் இதைக் கூட்டிவிடும். தொற்றின்போது சுரக்கும் அழற்சிப் பொருட்கள் ஐ.ஜி.எஃப்.-1ஐக் குறைப்பதோடு வளர்ச்சித் தட்டையும் நேராகவே அடக்குகின்றன. உடல் அந்த வேளையில் உயரத்தை விட்டு உயிரைக் காக்கப் பார்க்கிறது.

இந்த அறிவோடு ஒரு லயத்து அடுப்படியைப் பார்க்க வேண்டும். கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும், சோறும், சாயத்தண்ணியும் பெரும்பாலான நாட்களின் சாப்பாடு. கோதுமையில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. எந்த ஓர் அமினோ அமிலம் குறைந்தாலும் அதைக் கண்டுகொண்டு புரத உற்பத்தியை மட்டுப்படுத்த ஜி.சி.என்.2 என்ற இன்னொரு காவல் புரதம் கலத்தில் இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கும், கலம் பசித்திருக்கும். பருப்பு சேர்ந்தால் லைசின் ஈடாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் சிறிய வயிற்றில் அதற்கு வேண்டிய அளவு சோறும் பருப்பும் ஒரு வேளையில் இறங்காது. முட்டை, பால், நெத்தலி போன்றவை சிறிய அளவிலேயே எல்லா அமினோ அமிலத்தையும் தந்துவிடும் என்பதால்தான் அந்த வயதுக்கு அவை அவ்வளவு முக்கியம். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. இரத்தசோகையோடு மலையேறும் கர்ப்பிணித் தாய்க்கு அது இரட்டைச் சுமை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் புகைக்குள் உறங்குவதும், பல வீடுகள் ஒரே பீலித் தண்ணீரை நம்பியிருப்பதும் தொற்றுக்குக் கதவைத் திறந்து வைக்கின்றன. இவை ஒவ்வொன்றும் கலத்துக்குப் போகும் செய்தி. எல்லாம் சேர்ந்து சொல்வது, இப்போது வளராதே என்பதை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது பரம்பரை. நன்றாகச் சாப்பிடும் ஒரு மக்கள் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உயர வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு மரபணுவே காரணம், இதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அதைக் கொண்டு விளக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் சுகாதாரமும் குறையாமல் வளர்ந்த குழந்தைகளை அளந்தது. அவர்களின் உயர வேறுபாட்டில் நாடு காரணமாக வந்தது சுமார் 3 சதவீதம் மட்டுமே. டெல்லிக் குழந்தையும் ஒஸ்லோக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வளர்ந்தார்கள். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீற்றர் கூடியது. நூறு ஆண்டில் ஓர் இனத்தின் மரபணு அப்படி மாறாது. இதற்கான சான்று மலையகத்திலேயும் இருக்கிறது. 2006-07 அளவீட்டில் பெருந்தோட்டக் குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேர் குட்டை. பத்தாண்டில் அது 32 ஆனது. அந்தப் பத்தாண்டில் யாருடைய பரம்பரையும் மாறவில்லை, மாறியது சூழல். மாறிய வேகம்தான் போதவில்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நாகரிகமானது. சிறிய உடம்பாக இருந்தாலும் ஆரோக்கியமாக இருந்தால் என்ன குறை, குறைந்த உணவுக்கு ஏற்றபடி உடல் தன்னை அமைத்துக்கொண்டது என்று பார்க்கலாமே என்று 1980களில் அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர் வாதிட்டார். உயரத்தை மட்டும் பார்த்தால் இந்த வாதத்தில் சத்து இருப்பதுபோல் தோன்றும். ஆனால் வளர்ச்சியைக் குறைக்கும் செய்தி எலும்புக்கு மட்டும் போவதில்லை. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகள் கருவில் சுமார் 36 வாரத்தோடு உருவாகி முடிகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு அவை குறைவாகவே கிடைக்கின்றன. அந்தக் குறை பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தமாகவும் சிறுநீரக நோயாகவும் வரக்கூடும் என்று 1988 முதல் பேரி பிரென்னர் எடுத்துச் சொன்னார். புனேயில் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. புனேக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. அந்தக் குறை உடல் முழுவதும் ஒரே அளவில் விழவில்லை. தசையும் வயிற்றுக்குள்ளிருக்கும் உறுப்புகளும் அதிகம் சிறுத்திருந்தன, தோலுக்கடியிலுள்ள கொழுப்போ பெரிதாகக் குறையவில்லை. பிற்காலத்து நீரிழிவுக்கு இந்த உடலமைப்பே அத்திவாரம் என்று அவர்கள் கருதுகிறார்கள். ஆக, உடல் இங்கே செய்துகொண்டது நல்லதொரு ஒப்பந்தமல்ல. அன்றைக்கு உயிர் தப்புவதற்காகப் பிற்கால உறுப்புகளை அடகு வைத்திருக்கிறது. அந்தக் கடனை நாற்பது வயதில் அடைக்கப்போவது கொழுந்துக் கூடையைச் சுமக்கும் அதே உடல்.

மூன்றாவதாக, இரண்டு வயது கடந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அப்படியென்றால் ஏன் செலவழிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உறுப்புக்கு உறுப்பு கெடு வேறு. சிறுநீரகத்தின் கெடு பிரசவத்துக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அதற்கான உணவை ஊட்ட வேண்டியது கர்ப்பிணித் தாய்க்கு. எலும்பு கொஞ்சம் பொறுமைசாலி. நோயோ பட்டினியோ நீங்கியபின் குழந்தைகள் இயல்பைவிட வேகமாக வளர்ந்து இழந்ததைப் பிடிப்பதை ஆண்ட்ரியா பிராடரும் ஜேம்ஸ் டானரும் 1963இலேயே எழுதிவிட்டார்கள். 1994இல் ஜெஃப்ரி பாரன் குழுவினர் முயலின் ஒரு காலிலுள்ள வளர்ச்சித் தட்டை மட்டும் மருந்தால் அடக்கி, பின்பு மருந்தை நிறுத்தினார்கள். அந்தத் தட்டு மட்டும் தனியாக வேகமெடுத்தது. தாம் எத்தனை முறை பிரிந்தோம் என்ற கணக்கு அந்தக் கலங்களிடமே இருக்கிறது, இன்னும் பிரிய வேண்டிய பங்கையும் அவை வைத்திருக்கின்றன என்பது இதற்கான விளக்கம். எனவே கருவுற்றது முதல் இரண்டு வயது வரையான முதல் ஆயிரம் நாளுக்கு முன்னுரிமை கொடுப்பது சரி; அதைத் தாண்டிய பிள்ளையைக் கைவிடுவதற்கு இந்த அறிவியலில் இடமில்லை.

நான்காவது மறுப்பைப் பரிசோதனைகளே தருகின்றன, அதனால் அதை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். எக்குவடோரில் ஆறு மாதக் காலம் நாளுக்கு ஒரு முட்டை கொடுத்தபோது, குட்டையான குழந்தைகளின் விகிதம் ஏறக்குறையப் பாதியானது என்று 2017இல் வந்த முடிவு சொன்னது. மலாவியில் அதையே செய்து பார்த்தபோது பலனில்லை. பங்களாதேஷ், கென்யா, சிம்பாப்வே நாடுகளில் கழிப்பிடமும் கைகழுவும் வசதியும் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனைகள் உயரம் கூடவில்லை என்று 2018இல் சொல்லின. இவற்றைக் காட்டி எதுவும் பயனில்லை என்று கைவிரிப்பவர்கள் உண்டு. ஆனால் மலாவியில் முட்டை கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஏரிக்கரையில் மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். குறைவில்லாத இடத்தில் கூட்டிக் கொடுத்ததால் பலன் தெரியவில்லை என்பது பொருத்தமான விளக்கம். கழிப்பிடப் பரிசோதனைகளில் கொடுத்ததும் எளிய வசதிகள், குழாய்த் தண்ணீரும் நல்ல வீடும் அல்ல. கலத்தின் கணக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்தவருக்கு இந்த முடிவுகள் அதிர்ச்சி தராது. எல்லாம் கூடி வந்தால்தான் டோர் அனுமதிக்கும். அமினோ அமிலத்தைக் கொடுத்துத் தொற்றை விட்டாலும், தொற்றைக் குறைத்துப் புரதத்தை விட்டாலும் கதவு பாதிதான் திறக்கும். ஒவ்வொரு திணைக்களமும் தன் பங்கை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கும் நம் நிர்வாக வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

கடைசியாக, தாய்மாரின் அறியாமை என்ற குற்றச்சாட்டு. பிள்ளையைப் பார்க்காமல் மலைக்குப் போகிறார்கள், கிடைத்த திரிபோஷா சத்துமாவை வீடு முழுவதும் பங்கு வைக்கிறார்கள் என்று கருத்தரங்குகளில் பேசப்படுகிறது. பசித்திருக்கும் வீட்டில் பங்கு வைக்காமல் எந்தத் தாய் இருப்பாள்? பிரசவ நன்மைச் சட்டம் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்குத் தருவது 12 வாரம். அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முந்தியது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று கிளினிக்கில் சொல்லும் அதே நாடு, குழந்தைக்கு இரண்டரை மாதமாகும்போது தாயை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிடுகிறது. பால் கொடுக்க இடையிடையே நேரம் தரவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் மேல் மலையிலிருந்து, பிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி ஏறினால் பறிக்கும் கொழுந்தின் கிலோ குறையும், கிலோ குறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், கிடைக்காது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் உயர்த்தப்பட்டது நல்லதுதான், ஆனால் இடையில் வந்த 2022 பொருளாதார நெருக்கடியின் விலையேற்றம் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அந்த நெருக்கடியில் திரிபோஷா விநியோகமும் தடைப்பட்டது. அறிவில்லாமல் செய்வதாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை வேறு வழியில்லாமல் செய்பவை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவு. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து இலேசான வேலைக்கு முழுப் பேர், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் சம்பளத்தோடு விடுமுறை, பிள்ளைக்காம்பராவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் முட்டையோ பாலோ மீனோ, ஒவ்வொரு லயத்துக்கும் சுத்தமான குழாய்த் தண்ணீர் ஆகியவை ஒன்றாக வரவேண்டும்; ஒன்றைக் கொடுத்து மற்றதைத் தள்ளிப்போட்டால் பயனும் பாதியாகும். இவற்றைக் கண்காணிக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு குழந்தையின் உயரமும் சுகாதாரப் பதிவேட்டில் குறிக்கப்படுகிறது; பெயர்களை நீக்கிவிட்டு, தோட்டவாரியாக அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டால் போதும். 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் பிராந்தியக் கம்பெனிகளும், மக்களின் சுகாதாரத்தைப் பாதி ஏற்றும் பாதி ஏற்காமலும் இருக்கும் அரசும் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும். செலவுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், தேயிலை ஏற்றுமதி ஆண்டுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் கொண்டுவருவதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கரில் எத்தனை கிலோ கொழுந்து விளைந்தது என்று மலை வாரியாக எழுதிவைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்தத் தோட்டத்துக் குழந்தைகள் எத்தனை சென்டிமீற்றர் வளர்ந்தார்கள் என்று எழுதிவைப்பது முடியாத காரியமல்ல. அந்தச் சென்டிமீற்றர்களைத் தரும் ஆற்றல் குழந்தையின் கலங்களில் பிறவியிலேயே இருக்கிறது. அதைத் தடுத்து வைத்திருப்பது நாம். தடையை எடுக்க வேண்டியதும் நாமே.